ஆழத்துப் புற்றுக்கு அகச்சிவப்பு ஒளியும் நானோ துகளும்: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கான கேள்வி பதில்

அண்மை அகச்சிவப்பு ஒளி என்பது எது? பிசியோதெரபியில் காட்டும் சிவப்பு விளக்கும் இதுவும் ஒன்றா?

இருட்டில் டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் பிடித்தால் விரல்கள் சிவப்பாக ஒளிரும். டார்ச்சின் வெள்ளை ஒளியில் உள்ள நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் சதையைத் தாண்டி வருகிறது. அந்தச் சிவப்பையும் கடந்து, கண்ணுக்குத் தெரியாமல், ஏறத்தாழ 700 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டதுதான் அண்மை அகச்சிவப்பு. இங்கே ரத்தத்தின் ஹீமோகுளோபினும் தோலின் மெலனினும் ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. 950-ஐத் தாண்டினால் உடம்பில் உள்ள தண்ணீர் உறிஞ்சத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கிறது, அதன் வழியாகத்தான் ஒளியை உள்ளே அனுப்பப் பார்க்கிறார்கள்.

பிசியோதெரபி விளக்கு வேறு. அது பல அலைநீளங்களைக் கலந்து கொட்டும் வெப்ப விளக்கு. சிகிச்சை லேசர் ஒரே அலைநீளத்தில், அளந்த திறனில் வருவது. கட்டி இருக்கும் இடத்தில் வீட்டு விளக்கைக் காட்டாதீர்கள். கட்டி கரையாது. ஏற்கெனவே கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த தோலாக இருந்தால் சூடு உறைக்காமல் கொப்புளம் வரும்.

இந்த ஒளி எவ்வளவு ஆழம் போகும்? "பல சென்டிமீட்டர் ஊடுருவும்" என்கிறார்களே?

ஊடுருவும் என்பது உண்மை. எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

800 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில், மென்மையான திசுவுக்குள் ஏறத்தாழ ஒவ்வொரு 5 மில்லிமீட்டருக்கும் ஒளி 37 சதவீதமாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திசுவுக்குத் திசு இது மாறும், ஆனாலும் கணக்குப் போட இது போதும். 1 செ.மீ. ஆழத்தில் 13.5 சதவீதம் மிஞ்சும். 2 செ.மீ.யில் 1.8 சதவீதம். 3 செ.மீ.யில் 0.25 சதவீதம். 5 செ.மீ.யில் லட்சத்தில் நாலைந்து பங்கு. ஸ்கேனில் கணையத்தின் ஆழத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மேலே தோலில் திறனைக் கூட்டிச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். முடியாது. 980 நானோமீட்டர் ஒளிக்குத் தோல் தாங்கும் பாதுகாப்பு வரம்பு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.7 வாட், 808-க்கு ஏறத்தாழ 0.33 வாட். 0.7 வாட் வைத்தாலும் 2 செ.மீ. ஆழத்தில் கிடைப்பது 13 மில்லிவாட்தான். இதில் நம் ஊர்த் தோல் நிறத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெலனின் கூடினால் தோலிலேயே வெப்பம் கூடும். வெள்ளைத் தோலில் அளந்த அளவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

சரி, நானோ துகள் அங்கே போய் என்ன செய்கிறது?

முக்கியமாக இரண்டு வேலை, இரண்டும் வெவ்வேறு.

முதலாவது வெப்பம். தங்க நானோ தண்டுகள், சிலிக்கா உருண்டைமேல் மெல்லிய தங்க ஓடு போர்த்திய துகள்கள் போன்றவை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சூடாகும். 42 முதல் 45 டிகிரிவரை பல நிமிடங்கள் வைத்திருந்தால் செல் பலவீனமாகும். 50 டிகிரிக்கு மேல் போனால் திசு வெந்து இறுகும். 60 டிகிரியில் புரதம் உடனே உறையும், முட்டை வேகிறபோது நடப்பதுதான். இதற்கு ஒளிவெப்ப சிகிச்சை என்று பெயர்.

இரண்டாவது வேதிவினை. ஒளியுணர்வு மருந்து என்று ஒன்று உண்டு. சரியான நிறத்து ஒளி பட்டால் அது பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனைத் தூண்டி, கடுமையாக வினைபுரியும் சிங்லெட் ஆக்சிஜனாக மாற்றும். அது செல்லைக் கொல்லும். மிகக் குறைந்த ஆயுள் என்பதால் பிறந்த இடத்திலிருந்து ஒரு செல்லின் அகலம்கூடப் பரவாது. ஒளியியக்க சிகிச்சையின் பலமும் பலவீனமும் இதுவே: அடி பட்ட இடத்தில்தான் அடி.

சிக்கல், பல ஒளியுணர்வு மருந்துகளுக்கு வேண்டியது பச்சை அல்லது சிவப்பு ஒளி, அது ஆழம் போகாது. இங்கேதான் அப்கன்வர்ஷன் துகள் வருகிறது. சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு படிகத்துக்குள் இட்டர்பியமும் எர்பியமும் கொஞ்சம் கலந்தால், இட்டர்பியம் 980 நானோமீட்டர் ஒளியை வாங்கி எர்பியத்துக்குக் கொடுக்கும். எர்பியம் இரண்டு தவணையாக வாங்கிச் சேர்த்து, 540-இல் பச்சையாகவும் 655-இல் சிவப்பாகவும் வெளிவிடும். எர்பியத்துக்குப் பதில் தூலியம் சேர்த்தால் நீலம் கிடைக்கும். ஆக, உள்ளே போவது அகச்சிவப்பு, அங்கே எரிவது கண்ணுக்குத் தெரியும் விளக்கு. 2012-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு, ஒரே 980 நானோமீட்டர் ஒளியால் இரண்டு ஒளியுணர்வு மருந்துகளை ஒருசேர இயக்கி எலிகளில் கட்டி வளர்ச்சியைக் குறைத்துக் காட்டியது.

அவ்வளவு அழகான யோசனை ஏன் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை?

இரண்டு தவணை என்று சொன்னோமே, அதில்தான் அடி விழுகிறது. எர்பியம் இரண்டு ஒளித்துகள்களைச் சேர்க்க வேண்டியிருப்பதால், குறைந்த ஒளியில் அதன் வெளிச்சம் உள்ளே வரும் ஒளியின் இருமடிப் பெருக்கமாக மாறுகிறது. ஒளி பாதியானால் வெளிச்சம் கால்வாசி. மேலே போட்ட கணக்கை எடுங்கள். 2 செ.மீ. ஆழத்தில் ஒளி 1.8 சதவீதம் என்றால், துகளின் வெளிச்சம் தோல்மட்டத்தில் இருப்பதில் 3000-இல் ஒரு பங்கு. துகளின் திறனும் சிறிது. வலுவான லேசரில் அளந்தாலே, 100 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் வாங்கிய ஒளியில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் திருப்பித் தருகின்றன.

ஆராய்ச்சிப் படங்களில் எலி நன்றாகக் குணமாகிறது. அந்த எலியின் கட்டி தோலுக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும், முடி இருக்காது, ஒளி 5 மி.மீ. போனால் வேலை முடிந்தது. பண்ருட்டியில் பலாவைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்லலாம். உள்ளே எந்தச் சுளை அழுகியிருக்கிறது என்று தோலுக்கு வெளியே நின்று சரிசெய்ய முடியாது. மனித ஈரலுக்குள் இருக்கும் கட்டி அந்த நிலைமையில்தான் இருக்கிறது.

இன்னொரு தடை ஆக்சிஜன். கட்டியின் நடுப்பகுதியில் ரத்த ஓட்டம் மோசம், ஆக்சிஜன் ஏற்கெனவே பற்றாக்குறை. ஒளியை வேகமாகக் கொட்டினால் இருக்கும் ஆக்சிஜனும் நொடிகளில் தீர்ந்து வினை நின்றுவிடும். அதனால்தான் திறனைக் குறைத்து நேரத்தை நீட்டுவதும், இடையிடையே ஒளியை நிறுத்தி ஆக்சிஜன் ஊற விடுவதும் வழக்கம்.

980 நல்லதா, 808 நல்லதா?

980-ஐத் தண்ணீர் உறிஞ்சும், சதை சூடாகும். அதற்காக நியோடிமியம் சேர்த்து 808-இல் இயங்கும் துகள்கள் செய்கிறார்கள். சூடு குறையும். ஆனால் அந்த அலைநீளத்தில் தோலின் வரம்பும் குறைவு என்பதால் ஆதாயம் தோன்றும் அளவுக்கு இல்லை.

அப்படியானால் ஆழமான கட்டிக்கு ஒளி வைத்தியமே கிடையாதா?

உண்டு. தோலுக்கு வெளியே நின்று அல்ல, ஒளியை உள்ளே கொண்டுபோய். வெளியிலிருந்து ஒளி பாய்ச்சினாலே ஆழத்துப் புற்று கரையும் என்று சொல்லும் எந்த விளம்பரத்தையும் நம்பத் தேவையில்லை. மனிதர்களிடம் வேலை செய்து காட்டியவை கண்ணாடி இழையைக் கட்டிக்குள் அல்லது கட்டிக்கு அருகே செருகியவைதான்.

எடுத்துக்காட்டாக, போட்டோஃப்ரின் என்ற மருந்து கனடாவில் 1993-இல் அனுமதி பெற்றது. உடல் எடை கிலோவுக்கு 2 மி.கி. வீதம் நரம்பில் ஏற்றி, 40 முதல் 50 மணி நேரம் கழித்து, எண்டோஸ்கோப் வழியாக இழையை உணவுக்குழாய்க்கோ மூச்சுக்குழாய்க்கோ இறக்கி 630 நானோமீட்டர் ஒளி கொடுப்பார்கள். பலன் படுவது அரை செ.மீ. அளவுக்கு. ஐரோப்பாவில் 2017-இல் அனுமதிக்கப்பட்ட டூகாட், தொடக்க நிலை புராஸ்டேட் புற்றுக்கு. மருந்து 10 நிமிடத்தில் ஏறும். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக இழைகளைச் செருகி 753 நானோமீட்டர் ஒளி பாய்ச்சி, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை அடைக்கிறார்கள். இவை இரண்டும் நானோ துகள் அல்ல.

நானோ துகளில் மனிதர்வரை வந்தது அமெரிக்காவில் பரிசோதித்த தங்க ஓட்டுத் துகள். 150 நானோமீட்டர் அளவு. முதல் நாள் நரம்பில் ஏற்றி, மறுநாள் எம்.ஆர்.ஐ. படத்தையும் அல்ட்ராசவுண்டையும் ஒன்றுசேர்த்து வழிகாட்டி, புராஸ்டேட்டுக்குள் இழை செருகி லேசர் வைத்தார்கள். 2019-இல் வெளியான முதல் முடிவில் 16 பேர் சேர்ந்து 15 பேருக்குச் சிகிச்சை முழுதாக நடந்தது. சிறிய எண்ணிக்கை, ஒரே உறுப்பு, தொடக்க நிலை நோய். அந்த அளவிலேயே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் அகச்சிவப்பு மருந்துக்கு அனுமதி கிடைத்ததாகச் சொல்கிறார்களே?

ஆம், 2020 செப்டம்பரில், நிபந்தனையுடன். அறுவை செய்ய முடியாத அல்லது திரும்ப வந்த தலை, கழுத்துப் புற்றுக்கு. செடுக்சிமாப் என்ற எதிர்ப்பொருளோடு ஐ.ஆர். 700 என்ற சாயத்தைக் கோத்தது அது, நானோ துகள் அல்ல. எதிர்ப்பொருள் புற்றுச் செல்லின்மேல் போய் ஒட்டும். மறுநாள் 690 நானோமீட்டர் ஒளி பட்டதும் செல்லின் மேற்சவ்வு சிதையும். மேலோட்டமான கட்டிக்கு வெளியிலிருந்தும், ஆழமானதற்கு ஊசிபோன்ற இழைகள் வழியாகவும் ஒளி தருகிறார்கள். புகையிலை, பான்பராக், வெற்றிலைச் சீவலோடு வாய்ப்புற்று அதிகம் வரும் நம் பகுதிக்கு இந்த வழி கவனித்துவர வேண்டியது. வாயும் கழுத்தும் ஒளி எட்டும் இடங்கள்.

ஊசியில் ஏற்றிய துகள் நேராகக் கட்டிக்குப் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் துகள் அங்கே கசிந்து தங்கும் என்று 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேதாவும் காட்டினார்கள். அது உண்மையே. ஆனால் பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2016-இல் கணக்கெடுத்தபோது, ஏற்றியதில் கட்டியை அடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

சிறுநீரில் வெளியேற வேண்டுமானால் துகள் ஏறத்தாழ 6 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்கன்வர்ஷன் துகளை அவ்வளவு சிறிதாக்கினால் மங்கிப்போகும். 20 முதல் 50 நானோமீட்டர் அளவில் செய்தால் நன்றாக ஒளிரும், ஆனால் ஈரலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும். இந்த முரண்பாட்டை யாரும் முழுதாகத் தீர்க்கவில்லை.

ஜிப்மரில் அல்லது கடலூரில் இந்தச் சிகிச்சை கிடைக்குமா?

அப்கன்வர்ஷன் துகள் சிகிச்சை வழக்கமான வைத்தியமாக உலகில் எங்கும் இல்லை. கோரிமேட்டில் ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையமானாலும், சென்னை அடையாறானாலும், உங்கள் கட்டிக்குச் சொல்லப்படும் ஆபரேஷன், கீமோ, கரண்ட் போன்றவைதான் பலன் தெரிந்தவை. அவற்றில் குறித்த தேதி கிடைத்திருந்தால் இந்தச் செய்திகளுக்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் வெட்டி எடுக்கக்கூடிய கட்டி, சில மாதங்களில் வெட்ட முடியாததாகும்.

பணம் வாங்கிக்கொண்டு "நானோ லேசர்" செய்வதாக யாராவது சொன்னால் நான்கு விஷயம் கேளுங்கள்: துகளின் பெயர் என்ன, ஒளியின் அலைநீளம் என்ன, ஒளி எந்த வழியாகக் கட்டிக்குப் போகும், எந்த நாட்டில் எந்த நோய்க்கு அனுமதி. நான்கில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் எழுந்து வந்துவிடலாம்.

மருத்துவ ஆய்வில் சேரச் சொன்னால்?

ஆய்வு வேறு, வியாபாரம் வேறு. இந்தியாவில் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி ஆண்டு, மாதம், வரிசை எண் என்று அது வரும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய், படித்தவர் ஒருவரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது, அது படிவத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஒளியுணர்வு மருந்து போட்ட பின் வெயிலில் போகலாமா? நாங்கள் முந்திரித் தோப்பிலும் கடலிலும் வேலை செய்பவர்கள்.

இதில் நம் ஊர் ஆட்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். போட்டோஃப்ரின் போன்ற மருந்து தோலில் குறைந்தது 30 நாள் இருக்கும். டூகாட் வகைக்கு 48 மணி நேரம் போதும். எந்த மருந்து என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் வெயில் பட்டால் நிமிடங்களில் தோல் சிவந்து, வீங்கி, கொப்புளமாகும். கடையில் வாங்கும் சன்ஸ்கிரீன் இதற்கு உதவாது. அது புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும், மருந்தை எழுப்புவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. கெட்டியான துணி, முழுக்கை, கையுறை, அகன்ற தொப்பி, அடர்நிறக் கண்ணாடி வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பயணத்தையே பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கோரிமேட்டிலிருந்து கடலூருக்குப் பகல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருவது நல்லதல்ல. கடலில் தண்ணீரும் மணலும் ஒளியைத் திருப்பி அடிக்கும். படகிலிருக்கும் நிழல் போதாது. முந்திரி பொறுக்கும் சித்திரை வைகாசியில் சிகிச்சை வந்தால் அந்த மாதக் கூலிக்கு வேறு ஏற்பாடு முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஆனால் இருட்டறையில் அடைந்து கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள் சாதாரண விளக்கொளி தோலில் உள்ள மருந்தை மெல்ல மெல்ல அழிக்கிறது. 30 நாள் கழித்து, முகத்தைத் தவிர வேறு இடத்தில், சிறு பகுதியை 10 நிமிடம் வெயிலில் காட்டி, 24 மணி நேரம் பாருங்கள். சிவப்பு, வீக்கம், கொப்புளம் இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரலாம். இருந்தால் இன்னும் இரண்டு வாரம் காத்திருந்து மறுபடி பாருங்கள்.

நானோ அறிவியல் படிக்கும் மாணவர்கள் கேட்பது: துகளை ஆய்வகத்தில் எப்படித் தயாரிப்பது?

பரவலாகப் பின்பற்றும் முறை இது, மொத்தம் 1 மில்லிமோல் அளவுக்கு. ஆறு நீர் மூலக்கூறு கொண்ட குளோரைடுகள்: இட்ரியம் 236.6 மி.கி., இட்டர்பியம் 77.5 மி.கி., எர்பியம் 7.6 மி.கி. இவற்றை 6 மி.லி. ஒலியிக் அமிலம், 15 மி.லி. ஆக்டாடெசீனில் போட்டு, ஆர்கானில் 160 டிகிரிக்குச் சூடாக்கி 30 நிமிடம் வைத்தால் தெளியும். அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, 10 மி.லி. மெத்தனாலில் கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடு 100 மி.கி., அம்மோனியம் ஃபுளோரைடு 148 மி.கி. சேர்த்து 50 டிகிரியில் 30 நிமிடம் கலக்குங்கள். பிறகு 100 டிகிரியில் மெத்தனாலை முழுதாக விரட்டி, ஆர்கானில் 300 டிகிரிக்கு ஏற்றி ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஆறியதும் எத்தனால் ஊற்றினால் துகள் படியும்.

எங்கே கெடும்? முதல் இடம் எடை. குளோரைடுகளும் சோடியம் ஹைட்ராக்சைடும் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் காலாப்பட்டுக் கடலோரத்தில் புட்டியைத் திறந்து வைத்தால், தராசில் தட்டு நிற்கும்போதே எடை ஏறும். 7.6 மி.கி. எர்பியத்தில் இது பெரிய பிழை. எர்பியத்தை நேரே எடைபோடாமல், செறிவு தெரிந்த கரைசலாக்கி பிபெட்டில் எடுத்து உலர்த்துவதே சரி. இரண்டாவது, மெத்தனால் மிஞ்சியிருந்தால் சூடேறும்போது குடுவை குபீரென்று பொங்கும். மூன்றாவது, 300 டிகிரி எட்டாவிட்டால் கனசதுரப் படிகம் வரும், அது மங்கல். வேண்டியது அறுகோணப் படிகம். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் உறுதி செய்துவிட்டு மேலே போங்கள்.

ஃபுளோரைடு கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு பிறக்கும். கால்சியம் உப்பால் கழிவைப் படியவைத்து அகற்றுங்கள், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

செல் பரிசோதனையில் முடிவு நன்றாக வந்தாலும் ஏன் நம்ப மறுக்கிறார்கள்?

ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுக் குழுக்கள் இல்லாததால். துகள் மட்டும், ஒளி மட்டும், மருந்தில்லாத துகளும் ஒளியும், எல்லாம் சேர்ந்தது என்று நான்கும் வேண்டும். 980-இல் செல் வளர்க்கும் குழித்தட்டின் நீரே சூடாகி செல்லைக் கொல்லும். அதை ஒளியியக்கம் என்று எழுதிவிடுவார்கள். ஒளி வைக்கும்போது நீரின் வெப்பநிலையை அளந்து சொல்லுங்கள். லேசர் புள்ளியின் பரப்பை அளக்காமல் வாட் எண்ணை மட்டும் எழுதினால் யாராலும் திரும்பச் செய்ய முடியாது. பாஸ்பேட் உப்புக் கரைசலில் துகளை நாள்கணக்கில் வைத்தால் பாஸ்பேட் மேற்பரப்பைத் தாக்கும், வெளிச்சம் குறையும். தண்ணீரும் வெளிச்சத்தை மட்டுப்படுத்தும். கலப்பில்லாத சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு ஓடு ஒன்றைப் போர்த்தினால் பெரிய அளவில் காப்பாற்றலாம்.

இந்த லேசர் ஆபத்து வரிசையில் மிக உயர்ந்த நான்காம் வகுப்பு, கண்ணுக்குத் தெரியாதது. இமைப்பதற்குள் விழித்திரை போய்விடும். 808-க்கான பாதுகாப்புக் கண்ணாடி 980-ஐத் தடுக்கும் என்று எண்ணாதீர்கள். கண்ணாடியில் அச்சிட்ட அலைநீளத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஒளியுணர்வு மருந்து எடுத்தவர் வேறு காரணத்துக்கு அவசரமாக மருத்துவமனை போனால் என்ன சொல்ல வேண்டும்?

மருந்தின் பெயர், போட்ட தேதி, எந்தத் தேதிவரை ஒளி ஆகாது என்று ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஆபரேஷன் அறையின் பெரிய விளக்கும் பல் மருத்துவரின் நாற்காலி விளக்கும் தோலைச் சுடும் அளவுக்கு வலுவானவை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியையும் ஒரே விரலில் விடாமல் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். கூட வருபவரிடமும் இந்த அட்டை இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.